விசுவநாதன் ஆனந்தும் நம் கடைக் கல்லாவும்

பருப்பு விலை, வரி, உரிமம் என்று எழுதுகிற பக்கத்தில் சதுரங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அப்பா எப்போது கல்லாவை அடுத்த தலைமுறையிடம் கொடுப்பது? நம்மில் யாரும் வாய்விட்டுப் பேசாத இந்தக் கேள்விக்கு ஆனந்தின் வாழ்க்கையில் நல்லதொரு விடை இருக்கிறது.

ஆனந்த் 1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்தவர். தந்தை ரயில்வே அதிகாரி. ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்றுக் கொடுத்தவர் தாயார் சுசீலா அம்மையார். தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் சதுரங்கப் புதிர் போடுவார்கள். பையன் பள்ளியில் இருப்பான். தாயார் அதை எழுதி வைத்துக் கொண்டு, மாலையில் அவனோடு உட்கார்ந்து விடை கண்டு அனுப்புவார். பரிசு, புத்தகம். வாராவாரம் இவனே பரிசு வாங்கியதால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக் கொண்டு இனி விடை அனுப்பாமல் இருக்கும்படி நிலையத்தாரே கேட்டுக் கொண்டார்களாம்!

சென்னையில் அவருக்கு வாய்த்தது சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகம். அதைத் தொடங்கி வைத்தவர் மானுவல் ஆரன். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். ஆக, ஆனந்தும் ஒரு பெரியவர் போட்டுக் கொடுத்த கடையில் தொழில் பழகியவர்தான். லயோலா கல்லூரியில் பி.காம். படித்தவர் என்பதால் பற்று வரவும் தெரிந்தவர். நம் இனம் என்றே சொல்லலாம்.

1986-ல் தேசிய சாம்பியன். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர். அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 1995-ல் நியூயார்க்கில் காஸ்பரோவுடன் மோதினார். முதல் எட்டு ஆட்டங்கள் டிரா. ஒன்பதாவதில் ஆனந்துக்கு வெற்றி. அடுத்த ஐந்து ஆட்டங்களில் நான்கு தோல்வி. 1998-ல் லோசான் நகரில், ஒரு மாதம் தொடர்ந்து ஆடிக் களைத்த உடம்போடு, ஓய்வாகக் காத்திருந்த கார்போவைச் சந்தித்துத் தோற்றார். விலை சரிந்த நேரத்தில் சரக்கு பிடித்து வைத்திருந்த மண்டிக்காரருக்கு அந்த வலி புரியும்.

ஆனாலும் கடையைச் சாத்தவில்லை. 2000-ல் டெஹ்ரானில் ஷிரோவை வென்று உலகப் பட்டம் பெற்றார். 2007-ல் மெக்சிகோவில் மறுப்பேதும் இல்லாத உலக சாம்பியன் ஆனார். 2008, 2010, 2012 என்று மூன்று முறை பட்டத்தைக் காத்தார். 2010-ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, பிராங்பர்ட்டிலிருந்து பல்கேரியாவின் சோபியா நகருக்குச் சுமார் நாற்பது மணி நேரம் சாலை வழியே போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டம் தோல்வி. கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு வென்று பட்டத்தைக் காப்பாற்றினார்.

2013 நவம்பரில், தன் சொந்த ஊரான சென்னையிலேயே, இருபத்திரண்டு வயது நார்வே இளைஞர் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். பத்து ஆட்டங்களில் ஒன்றில்கூட வெற்றி இல்லை. ஊரே பார்த்துக் கொண்டிருக்க ஏற்பட்ட நஷ்டம் அது. மறு ஆண்டே எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் முதலிடம் பெற்று மீண்டும் மோதினார், மீண்டும் தோற்றார். 2017-ல், நாற்பத்தெட்டு வயதில், ரியாத்தில் உலக ரேபிட் பட்டம் வென்றார். கை ஓய்ந்துபோனவர் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவர் செய்த காரியத்தைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2020-ல் ஓர் அகாடமி தொடங்கி குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி, நிஹால் சரின் போன்ற இளையவர்களை அழைத்துத் தன் அனுபவத்தை எடுத்து வைத்தார். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது அவர் நினைத்திருந்தால் இந்திய அணியில் முதல் பலகையில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அணிகளுக்கு வழிகாட்டியாக இருந்து கொண்டார். அந்த இடத்தில் பிள்ளைகள் ஆடினார்கள். இளைஞர் அணி வெண்கலம் பெற்றது. குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார்.

2023 செப்டம்பர் தரப்பட்டியலில் குகேஷ் அவரைத் தாண்டினார். முப்பத்தேழு ஆண்டுகளாக இந்தியாவில் முதல் இடத்தில் இருந்தவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார். அதற்குத் துணை செய்தவர்களில் அவரும் ஒருவர்! ஆனந்தின் 2014 பட்டப் போட்டியில் உதவியாளராக இருந்த போலந்து நாட்டு கயேவ்ஸ்கிதான் பின்னர் குகேஷுக்குப் பயிற்சியாளர். நம்பகமான கணக்குப்பிள்ளையையும் சேர்த்துக் கொடுத்தது போல. 2013-ல் ஆனந்த் தோற்ற அந்தப் போட்டியை, ஏழு வயதுச் சிறுவனாகக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்து பார்த்தவர் குகேஷ். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார்.

இப்போது நம் கடைத்தெருவுக்கு வருவோம். நாற்பது வயது மகன் வண்டிக்குப் பெட்ரோல் போட அப்பாவிடம் கை நீட்டுகிற கடைகள் எத்தனை? பருப்பு ஒரு மூட்டை கூட வாங்கும் உரிமை இல்லாமல், பொட்டலம் மடித்துக் கொண்டே பதினைந்து வருடம் ஓட்டியவர்கள் எத்தனை பேர்? கடைசியில் அந்தப் பிள்ளை சம்பள வேலைக்குப் போய்விடுகிறான். வாரிசு இல்லை என்று சொல்லி மூடிய கடைகள் பலவற்றில் வாரிசு இருந்தான். அவனுக்கு நாற்காலிதான் இல்லை.

“ஆனந்த் கொடுத்தது வித்தை, நாங்கள் கொடுக்க வேண்டியது முதல் போட்ட பணம். பையன் அழித்துவிட்டால்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒரே நாளில் சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. முதலில் ஒரு சரக்கை ஒப்படையுங்கள். மிளகாயோ, எண்ணெயோ, அதன் கொள்முதலும் விலையும் லாப நஷ்டமும் அவன் பொறுப்பு. சிறு நஷ்டம் வந்தால் கடையை மூடிய பிறகு பேரேட்டை வைத்துக் கொண்டு பேசுங்கள். வாடிக்கையாளர் முன்னால் திருத்தாதீர்கள். கடன் வாங்கும் பழைய கைகளை அவனுக்கு அறிமுகப்படுத்துங்கள். யாருக்கு எவ்வளவு வரை தாங்கும் என்பது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாத கணக்கு. தோற்ற ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் சதுரங்கக்காரர்கள் வளர்கிறார்கள். மகன் என்று நான் சொல்வது மகளுக்கும் மருமகளுக்கும் பொருந்தும். வைஷாலியும் கிராண்ட் மாஸ்டர்தானே!

கல்லாவை விட்டு எழுந்தால் மரியாதை போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். 1988-ல் இந்தியாவுக்கு ஒரே ஒரு கிராண்ட் மாஸ்டர். இன்று எண்பதுக்கும் மேல். அத்தனை பேரும் ஆனந்தின் பெயரைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதில்லை. இரண்டாம் இடத்துக்கு வந்ததால் அவர் சிறுத்துப் போகவில்லை.

நாற்பது வருடம் மண்டியில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வரும் ஆயுத பூஜைக்குப் புதுக்கணக்கு எழுதும்போது, முதல் பக்கத்தில் பிள்ளையின் கையெழுத்து விழட்டும். நாம் பக்கத்து நாற்காலியில் இருப்போம். கண் தெரிகிற வரை, கணக்கு நினைவிருக்கிற வரை, அங்கேயும் நமக்கு வேலை இருக்கிறது.