நூற்றுக்குக் குறைந்த பள்ளிகள்

சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று மாணவர் மனநலம் குறித்துத் தந்த வழிகாட்டுதல்களை நம் கலை, விளையாட்டுச் சிகிச்சைத் துறை வரவேற்கத்தான் வேண்டும். நூறும் அதற்கு மேலும் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும், குழந்தை மற்றும் வளரிளம் பருவ மனநலத்தில் மெய்ப்பிக்கத்தக்க பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும் என்கிறது தீர்ப்பு. எதைக் காட்டினால் அது மெய்ப்பிக்கப்பட்டதாகும் என்று அது வரையறுக்கவில்லை. அந்த இடத்தை நாம் நிரப்பாவிட்டால் வார இறுதிச் சான்றிதழ்கள் நிரப்பிவிடும்.

2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலர் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடனச் சிகிச்சையாளர்களுக்கு இடம் உண்டு. விளையாட்டுச் சிகிச்சை என்ற பெயரே அதில் இல்லை. உளவியலைத் தொலைநிலையில் கற்பிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் தடை விதித்தது சரியே. ஆனால் நேரடி வகுப்பு மட்டும் ஒருவரைக் குழந்தையோடு அமர்ந்து வேலை செய்யத் தகுதியாக்கிவிடாது. தகுதி, மேற்பார்வையில் கழிந்த மணிநேரங்களில்தான் இருக்கிறது. பொம்மைகளோடு விளையாடும் ஏழு வயதுக் குழந்தை திடீரென ஒரு பாலியல் வன்முறையைக் காட்டினால், அதைத் தெரிவிக்கும் கடமையைப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு நமக்கு விதிக்கிறது. மேற்பார்வையே கண்டிராத பயிற்சியாளர் பதறிப்போய், பதிலைச் சொல்லிக்கொடுக்கும் கேள்விகளைக் கேட்பார். பின்னால் அந்தக் குழந்தையின் சாட்சியமே நிற்காது. அல்லது அந்தப் பயிற்சியாளர் பயந்து வாய் மூடிக்கொள்வார். இரண்டுமே குழந்தைக்குச் செய்யும் கேடு.

தேவை அதிகமுள்ள பிள்ளைகளுக்கே உதவி குறைவு என்று இந்த இதழ் நெடுநாளாகச் சொல்லிவரும் கவலை நூறு என்ற அந்த எண்ணில் வந்து முட்டுகிறது. நூற்றுக்குக் குறைந்த பள்ளிகளுக்குத் தீர்ப்பு தருவது வெளியிலுள்ள வல்லுநர்களோடு ஒரு பரிந்துரைத் தொடர்பு மட்டுமே. நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் எத்தனையோ பள்ளிகள் நூற்றைத் தொடாதவை. திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரார் எதிர்த்தும் மேய்க்கால் நிலத்தில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது, டயர் ஆலை வந்தது, 2020இல் நீர்த்தேக்கமும் வந்தது. சுற்றிலும் கும்மிடிப்பூண்டி வரை வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள், செங்கல் சூளைகளில் ஒடியா பேசும் பிள்ளைகள், இருளர் குடியிருப்புகள், தெலுங்கு பேசும் வீடுகள், இலங்கைத் தமிழர் முகாம். பேச்சை நம்பிய ஆலோசனை இந்தப் பிள்ளைகளிடம் முதல் நாளே தோற்றுப்போகும். களிமண்ணும் வண்ணமும் மணல்தட்டும் யாருக்கு முதலில் வேண்டுமோ, அவர்களுக்குக் கிடைப்பது ஒரு பரிந்துரைச் சீட்டு. அதை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகர் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆலைக்குச் சாலையும் மின்சாரமும் தண்ணீரும் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்த அரசு, அங்கே வளரும் பிள்ளைக்கு எத்தனை ஆற்றுப்படுத்துநர்கள் வேண்டும் என்று ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை. இதை நிதிக்குறை என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். இது மனமின்மை.

வழி இல்லாமல் இல்லை. 1996இல் இலங்கைப் போருக்கு நடுவே மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் உள்ளூர் இளைஞர்களே பயிற்சி பெற்று, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளோடு கலையும் கதையும் விளையாட்டுமாகத் தொடர்ந்து வேலை செய்தார்கள். பயிற்சியும் பணியும் ஒரே மண்ணில் நடந்தன.

தீர்ப்பின்படி ஆட்சியர் தலைமையில் அமையும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவிடம் நாம் கேட்பவை மூன்று. சிறு பள்ளிகளைக் கொத்தாகச் சேர்த்து, கொத்துக்கு ஒரு ஆற்றுப்படுத்துநரை நியமியுங்கள். மேற்பார்வை நேரப் பதிவேடு இல்லாத சான்றிதழை ஏற்காதீர்கள். கலை, விளையாட்டுச் சிகிச்சைப் பயிற்சியின் களப்பணியை மாநகர விடுதி அரங்குகளிலிருந்து தேர்வாய் கண்டிகை போன்ற ஊர்களுக்கு மாற்றுங்கள். நம் பங்காக, நம் மூத்த உறுப்பினர்கள் மாதத்தில் ஒரு நாளை அங்கே மேற்பார்வைக்கு ஒதுக்க வேண்டும். நாம் அதைச் செய்தால்தான் இந்த மூன்றையும் உரிமையோடு கேட்க முடியும்.