'அனுபவம் தேவையில்லை, வந்தா போதும்!' - இமயமலை எக்ஸ்பெடிஷன் விளம்பரங்களை நம்பலாமா? செஞ்சி மலையை வச்சு ஒரு கணக்கு!

இன்ஸ்டாகிராமில் மலை வீடியோ ஒன்றுக்கு லைக் போட்டிருந்தால் இந்த விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்கும். பின்னணியில் பனிச்சிகரம், கையில் தேசியக்கொடி, கீழே ஒரு வரி: '6,000 மீட்டர் சிகரம். அனுபவம் தேவையில்லை. கைடு, டென்ட், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு. அட்வான்ஸ் கட்டி இடத்தை உறுதி செய்யுங்கள்.'

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது, 'நம்மாலும் முடியுமா?' என்று தோன்றுவது இயல்பு. 'முடியும்' என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2023 மே 19-ல் கோவளத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை எவரெஸ்ட்டைத் தொட்டார். நான்கே நாள் கழித்து, மே 23-ல் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். கடலோரத்துக்காரரும் கரிசல் பூமிக்காரரும் ஏறியிருக்கும்போது, நீங்கள் மட்டும் ஏன் முடியாது?

ஏறலாம். ஆனால், அந்த விளம்பரம் சொல்லும் வழியில் வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

கைடு என்ன தருவார், என்ன தர முடியாது?

'கைடட் எக்ஸ்பெடிஷன்' என்பது ஒரு பேக்கேஜ். அனுமதிக் கட்டணம், பேஸ் கேம்ப் சமையல், டென்ட், சுமை தூக்க ஆள், வழி முழுக்கக் கட்டிவைத்த கயிறு, கூடவே வரும் ஷெர்பா எல்லாமே அதில் அடக்கம். நீங்கள் ஏறிவர வேண்டியதுதான் பாக்கி. சாதாரண டிரெக்கிங்குக்கு இது நல்ல ஏற்பாடு.

'டெக்னிக்கல்' சிகரம் என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. டெக்னிக்கல் என்றால், நடந்து மட்டும் ஏற முடியாத மலை. ஷூவுக்கு அடியில் கிராம்பான் எனும் இரும்புப் பற்களை மாட்டி, கையில் ஐஸ் ஆக்ஸ் பிடித்து, இடுப்பு ஹார்னஸைக் கயிற்றில் கோத்து, ஜுமாரைத் தள்ளித் தள்ளி ஏற வேண்டும். இறங்கும்போது கயிற்றிலேயே ராப்பெல்லிங் செய்ய வேண்டும். அதுவும் தடிமனான கையுறை போட்டுக்கொண்டு, பல நேரம் இருட்டில். கிளிப்பை ஒரு முறை தப்பாக மாட்டினாலும் போச்சு. பக்கத்தில் இருக்கும் ஷெர்பா எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், உங்கள் கிளிப்பை ஒவ்வொரு முறையும் அவரே வந்து மாட்டிவிட முடியாது.

நேபாளத்தின் அமா தப்லம் நல்ல உதாரணம். உயரம் 6,812 மீட்டர். எவரெஸ்ட்டைவிட 2,000 மீட்டர் குறைவு. ஆனால் செங்குத்துப் பாறை, ஐஸ், கத்தி முனை மாதிரி ஒடுங்கிய முகடு எனக் கயிற்று வேலையில் எவரெஸ்ட் வழியைவிடக் கடினம் என்பார்கள் மலையேறிகள். 2006 நவம்பரில் அங்கே மேலே தொங்கிய ஐஸ் பாளம் உடைந்து மூன்றாவது முகாமில் விழுந்ததில் 6 பேர் இறந்தார்கள். அதில் 3 பேர் ஷெர்பாக்கள்.

ஆக, உயரத்தை மட்டும் பார்த்து 'இது சின்ன மலை' என்று முடிவு பண்ணாதீர்கள்.

செஞ்சி மலை போதுமா?

நம் ஊர்க்காரர்களுக்குப் பயிற்சிக்களம் என்றால் செஞ்சிதான். திண்டிவனத்திலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ., விழுப்புரத்திலிருந்து 40 கி.மீ. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். அமா தப்லம் பேஸ் கேம்ப் ஏறத்தாழ 4,600 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு 2,200 மீட்டர். ஒன்பது ராஜகிரியை அடுக்கிய உயரம் அது!

வாரம் இரண்டு முறை, முதுகில் 10 கிலோ பையோடு ராஜகிரி ஏறி இறங்கினால் தொடைக்கும் நுரையீரலுக்கும் நல்ல பயிற்சி. காலை வெயிலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆனால் செஞ்சி ஒன்றை மட்டும் சொல்லித்தராது. அது உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது.

நாம் வாழ்வது கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளி. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதிதான். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. இதற்கும் ஃபிட்னஸுக்கும் சம்பந்தம் இல்லை. ஜிம்மில் 100 கிலோ தூக்குபவர் படுத்துவிடுவார், ஒல்லியான நண்பர் ஜாலியாக நடப்பார். இது இப்படித்தான் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான், 3,000 மீட்டரைத் தாண்டினால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வெடுங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் அது முதல் எச்சரிக்கை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நடை தள்ளாடி, பேச்சு குழறினால் மூளையில் வீக்கம். இந்த இரண்டுக்கும் முதல் மருந்து, உடனே கீழே இறங்குவதுதான். மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று அங்கேயே இருந்தால் உயிர் போகும்.

இப்போது விளம்பரத்தை மறுபடி பாருங்கள். '6,000 மீட்டர் சிகரம், 8 நாள்' என்று போட்டிருந்தால், அவர்கள் மிச்சம் பிடிப்பது உங்கள் லீவை அல்ல. உடம்பு பழகுவதற்கான நாள்களைத்தான்.

நேபாளம் ஏன் விதியை மாற்றியது?

2019 மே 22 அன்று நிர்மல் புர்ஜா எடுத்த ஒரு போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியது. எவரெஸ்ட் உச்சிக்குக் கீழே, ரேஷன் கடை வாசல் மாதிரி வரிசை. கயிற்றில் கோத்தபடி நகர முடியாமல் நின்றவர்களுக்குச் சிலிண்டரில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே இருந்தது. காசு இருந்தால் யாரும் வரலாம் என்றான பிறகு, மெதுவாக ஏறும் ஒருவரால் பின்னால் நிற்கும் நூறு பேருக்கும் ஆபத்து.

அதன் பிறகுதான் கெடுபிடி கூடியது. 2025 செப்டம்பர் முதல், எவரெஸ்ட்டின் வசந்தகால அனுமதிக் கட்டணத்தை 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்த்தியது நேபாளம். நம் பணத்தில் 13 லட்சத்துக்கும் மேல். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் இரண்டு பேருக்கு ஒரு கைடு கட்டாயம் என்றும் விதி வந்தது. எவரெஸ்ட்டுக்கு வருபவர் ஏற்கெனவே நேபாளத்தில் ஒரு 7,000 மீட்டர் சிகரம் ஏறியிருக்க வேண்டும் என்ற மசோதாவும் முன்வைக்கப்பட்டது. இன்னொரு பக்கம், ஆள் வராத மேற்கு நேபாளத்தில் 97 சிகரங்களுக்கு இரண்டு வருடத்துக்குக் கட்டணமே இல்லை என்று அறிவித்தது.

இதில் நமக்கு ஒரு சேதி இருக்கு. கட்டணத்தை உயர்த்துவதால் பணக்காரர்கள் நிற்கப்போவதில்லை. கூட்டத்தை நிஜமாகவே மாற்றக்கூடியது அனுபவத்தைக் கேட்கும் விதிதான். அது எப்போது அமலுக்கு வந்தாலும், 'அனுபவம் தேவையில்லை' கம்பெனிகளுக்குத்தான் முதல் அடி விழும்.

கடன் வாங்கி ஏறினால் என்ன ஆகும்?

பணக் கணக்கையும் பேசிவிடுவோம். எவரெஸ்ட் என்றால் எல்லாம் சேர்த்து 30 லட்சத்தைத் தாண்டும். அமா தப்லம் மாதிரி சிகரத்துக்கே, ஷூ, டவுன் ஜாக்கெட் செலவு தவிர்த்து, 5 லட்சத்துக்கு மேல் ஆகும். முத்தமிழ்ச்செல்விக்குத் தமிழக அரசு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதற்குப் பிறகும் அவருக்கு நிதி தேவைப்பட்டது.

நம் வீடுகளில் இந்தப் பணம் எங்கிருந்து வரும்? அம்மா நகை, சீட்டு, பர்சனல் லோன். பிரச்னை வட்டியோடு முடிவதில்லை. மலையில் நல்ல கைடு சொல்லும் மிக முக்கியமான வார்த்தை, 'திரும்பலாம்.' மதியம் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் உச்சியைத் தொடவில்லை என்றால், 100 மீட்டரே பாக்கி இருந்தாலும் திரும்பியாக வேண்டும். நகையை அடகு வைத்துவிட்டு வந்தவரால் அந்த இடத்தில் திரும்ப முடியுமா? ஊரில் பேனர் அடித்து, கலெக்டரிடம் வாழ்த்து வாங்கி, லோக்கல் சேனலில் பேட்டி கொடுத்துவிட்டு வந்தவரால்?

2016-ல் மகாராஷ்டிரா போலீஸ் தம்பதி ஒன்று எவரெஸ்ட் ஏறியதாகப் போட்டோ காட்டியது. அது போலி என்று தெரிந்து, நேபாளம் 10 வருடம் தடை போட்டது. அவர்களுக்கு வேலையும் போனது. சிகரம் தொட்டால்தான் மரியாதை என்று நாம் வைத்திருக்கும் வழக்கம், ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அது உதாரணம்.

அதனால் ஒரு யோசனை: திரும்பி வந்தாலும் 'பரவாயில்ல' என்று சொல்லக்கூடிய பணத்தில் மட்டும் போங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

இமயமலைக்குச் செல்ல மலிவான, முறையான வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. டார்ஜிலிங்கின் இமாலயன் மலையேற்ற நிறுவனம் 1954-லும், உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனம் 1965-லும் தொடங்கப்பட்டவை. மணாலி, பஹல்காமிலும் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. 'பேசிக்' கோர்ஸ் ஏறக்குறைய நான்கு வாரம். சாப்பாடு, தங்குமிடம், உபகரணம் எல்லாம் கட்டணத்திலேயே வந்துவிடும். தனியார் எக்ஸ்பெடிஷன் செலவோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. இதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் 'அட்வான்ஸ்டு' கோர்ஸில் சேர முடியும். சீட் சீக்கிரம் நிறைந்துவிடும், பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் இன்னும் நல்லது. கேடட்களை இந்த கோர்ஸ்களுக்கு அனுப்புகிறார்கள். 2025 மே 18 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற என்.சி.சி. குழுவில் 10 கேடட்கள் இருந்தார்கள். சராசரி வயது 19. ஆனால் அவர்கள் நேராக எவரெஸ்ட் போகவில்லை. முந்தைய வருடம் 7,355 மீட்டர் அபி கமின் சிகரத்தில் பழகிவிட்டுப் போனார்கள்.

பேசிக், அட்வான்ஸ்டு, பிறகு ஒரு எளிய 6,000 மீட்டர், அதற்குப் பிறகு டெக்னிக்கல். இரண்டு மூன்று வருடம் ஆகும். ஆகட்டும்.

பயிற்சி எடுத்தால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா சிகரத்தில் நேரு நிறுவனத்தின் அட்வான்ஸ்டு குழுவே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, 2 பேரைக் காணவில்லை. அதே வருடம் மே மாதம் 16 நாள் இடைவெளியில் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் ஏறிய பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் இறந்தவர்களில் ஒருவர். பயிற்சி, நம் தவறால் வரும் ஆபத்தைக் குறைக்கும். மலையின் ஆபத்து மலையிடமே இருக்கும். இதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போவதுதான் நேர்மை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* கூட வரும் கைடு யார்? அவர் பெயர், பயிற்சிச் சான்று, அதே சிகரத்தில் அவருக்கு எத்தனை முறை அனுபவம்?
* ஒரு கைடுக்கு எத்தனை பேர்?
* உடம்பு பழக எத்தனை நாள்? வானிலை கெட்டால் கூடுதல் நாள் உண்டா?
* 'திரும்பு' என்று முடிவெடுப்பது யார்? எத்தனை மணிக்கு?
* அந்தச் சிகரத்துக்குரிய அனுமதியின் நகல் கிடைக்குமா?
* இன்ஷூரன்ஸ் எத்தனை மீட்டர் வரை செல்லும்? சாதாரண டிராவல் பாலிசிகள் பலவற்றில் மலையேற்றம் சேராது. ஹெலிகாப்டர் மீட்பு அதில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.
* ஷெர்பாக்களுக்கும் சுமை தூக்குபவர்களுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டா? 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனிவீழ்ச்சியில் இறந்த 16 பேருமே நேபாளத் தொழிலாளர்கள். நம் கனவுக்குக் கயிறு கட்டப் போனவர்கள்.

'உங்க முன் அனுபவம் என்ன?' என்று அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். கேட்காமல் க்யூ.ஆர். கோடு அனுப்பினால் பிளாக் பண்ணிவிடுங்கள்.

அரசுக்கு ஒரு வார்த்தை

2014 மே 25-ல் தெலங்கானாவின் 13 வயது மாலாவத் பூர்ணா எவரெஸ்ட் ஏறினார். அரசு சமூக நல விடுதிப் பள்ளி மாணவி. அவர் முதலில் கயிறு பிடித்துப் பழகியது புவனகிரி பாறையில், ஏறக்குறைய நம் செஞ்சி மாதிரி, கோட்டை கட்டிய கருங்கல் குன்று அது. பிறகு டார்ஜிலிங், லடாக் என்று படிப்படியாகப் போனார். அங்கே அரசு, ஆளைத் தேடி எடுத்து அடியிலிருந்து செலவு செய்தது.

நம்மிடம் நடப்பது தலைகீழ். யாரோ ஒருவர் தானாகப் போராடி எவரெஸ்ட் வாசல் வரை போன பிறகு செக் கொடுக்கிறோம், ஏறி வந்ததும் சால்வை போடுகிறோம். செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே ஆணி அடித்துக் கயிறு கட்ட முடியாது, கூடவும் கூடாது. ஆனால் செஞ்சியைச் சுற்றிக் குன்றுகளுக்குப் பஞ்சமே இல்லை. அதில் ஒன்றில் முறையான பாறையேற்றப் பயிற்சிப் பள்ளி வந்தால், விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் நகையை அடகு வைக்காமல் முதல் கயிற்றைப் பிடிப்பார்கள். ஒருவரின் எவரெஸ்ட் செலவில் எத்தனை பேரை பேசிக் கோர்ஸுக்கு அனுப்பலாம் என்று விளையாட்டுத் துறை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அதுவரைக்கும், நீங்கள் அந்த அட்வான்ஸைக் கட்டாதீர்கள். பேசிக் கோர்ஸுக்கு விண்ணப்பம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை செஞ்சிக்குக் கிளம்புங்கள், பையில் 10 கிலோ இருக்கட்டும்.