மருமகனின் துவக்கும் சிக்கிய ரவையும்

துவக்கு என்பது எங்கள் பக்கத்துச் சொல். தமிழகத்து அன்பர்கள் துப்பாக்கி என்று வாசித்துக்கொள்ளலாம். நான் சிறுவனாக இருந்த காலத்துத் தம்பலகாமத்தில் அது மண்வெட்டியோடும் காட்டுக்கத்தியோடும் சேர்ந்த ஒரு வயற்கருவி. இன்று எம்மவரில் பலருக்கு அது அச்சத்தின் சின்னம். சிலருக்கு வீரத்தின் சின்னம். கருவியாக அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது என்பதைச் சென்ற மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு எனக்கு உணர்த்தியது.

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல் எங்களுடையது. பெரும்போக நெல் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கும். அப்பாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் 12 போர் துவக்கு ஒன்று இருந்தது. மடித்துத் திறப்பது, ஒரு தோட்டாவை வைப்பது, மூடுவது. அதற்குமேல் அதில் சிக்குவதற்கு எதுவும் இல்லை. காவல் முடித்து விடியற்காலையில் வீடு திரும்பினால், தோட்டாவைக் கழற்றி, திறந்த குழலினூடாக வெளிச்சத்தைப் பார்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்த பிறகுதான் அப்பா தேநீரைத் தொடுவார். 1980களின் நடுவில் அந்தத் துவக்கு எங்கள் வீட்டை விட்டுப் போயிற்று. அந்த எண்ணெய்த் துணியும் கூடவே போயிற்று.

என் அக்காவின் மகன் அதன் பிறகு பிறந்தவன். அவன் வளர்ந்த காலத்தில் கண்ட துவக்குகள் எல்லாம் சோதனைச் சாவடிகளில் கண்டவை. இப்பொழுது அவன் நியூசிலாந்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் இருக்கிறான். புல்லை மேய்ந்து அழிக்கும் முயல்கள் அங்கே பெருந்தொல்லை. அதற்காக .22 ரகத்து அரைத் தானியங்கித் துவக்கு ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தான். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைக்குப் பின் அந்நாடு பெரும்பாலான அரைத் தானியங்கிகளைத் தடைசெய்தது. எனினும் பத்து ரவைகளுக்கு மேல் கொள்ளாத மகசீன் உடைய .22 ரிம்பயர் துவக்குகளுக்கு விலக்கு அளித்தது. இவனிடம் முறையான உரிமமும் உண்டு.

“மாமா, ஐந்தாறு வெடிக்கு ஒருக்கால் ரவை சிக்குது” என்று காணொளி அழைப்பில் காட்டினான். காட்டிக்கொண்டே துவக்கின் அடிக்கட்டையைத் தரையில் ஓங்கிக் குத்தினான். உள்ளே பாதி நுழைந்த நிலையில் ஓர் உயிருள்ள ரவை. “வை மருமகன்! முதலில் மகசீனைக் கழற்று!” என்று கத்திவிட்டேன்.

ஏன் கத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டும். ரிம்பயர் ரவையில் தீப்பற்றும் மருந்து அதன் அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே இருக்கிறது. விளிம்பில் எங்கே அடிபட்டாலும் வெடிக்கக்கூடும். அறைக்குள் முழுதாக அமராத நிலையில் வெடித்தால் அதன் மெல்லிய பித்தளைக் கோது கிழிந்து, தீயும் துண்டுகளும் பிடித்திருப்பவன் பக்கம் வரும். ஆகையால் குத்துவதும் கூடாது. திருகாணிச் சாவியால் நெம்புவதும் கூடாது. குழல்வாயை ஆளில்லாத் திசைக்குத் திருப்பி, அரை நிமிடம் பொறுத்து, மகசீனைக் கழற்றி, போல்ட்டைப் பின்னே இழுத்துப் பிடித்து ரவையை வெளியே எடுக்க வேண்டும். பின் அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். வெடியோசை வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டிருந்தால், குழலில் குண்டு தங்கியிருக்கிறதா என்று பாராமல் அடுத்த வெடி வைக்கக் கூடாது.

அடுத்து அவன் கேட்டான்: “அரம் எடுத்து அந்தச் சரிவை ராவிவிடட்டா?” வேண்டாம் என்றேன். நான் துவக்கு நிபுணன் அல்லன், பத்திரிகைக்காரன். ஒரு சம்பவத்தை விசாரிப்பதுபோல், எது, எங்கே, எப்பொழுது என்று கேட்கத் தொடங்கினேன்.

.22 லோங் ரைபிள் என்ற இந்த ரவை 1887 அளவில் வந்தது, மலிவானது. ஈயக் குண்டின்மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும்; எரிந்த கரியும் ஏராளம். இவ்வகை அரைத் தானியங்கிகளில் வெடித்த கோது பின்னே உதைக்கும் விசையே கனமான போல்ட்டைத் தள்ளுகிறது. சின்ன ரவைக்கு அந்த விசை அதிகம் மிஞ்சுவதில்லை. கொஞ்சம் அழுக்குச் சேர்ந்தாலும் போல்ட் முழுத்தூரம் போகாது. அடுத்த ரவையை அள்ளாமலே திரும்பிவிடும்.

ஆகவே ரவை எங்கே சிக்குகிறது என்பதே முதற்கேள்வி. அறை வெறுமையாக இருக்க, போல்ட் ரவையின் மேலாக மூடிக்கொண்டால், மகசீன் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். அல்லது போல்ட் முழுதாகப் பின்செல்லவில்லை. குண்டின் மூக்கு அறை வாசலுக்குக் கீழே முட்டினால், மகசீனின் உதடுகள் வளைந்திருக்கலாம். அல்லது மகசீன் சரியாகப் பூட்டியிராது. நேரான பெட்டி மகசீனில் மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் மாட்டினாலும் சிக்கும். நிரப்பும்போதே மேலுள்ளது முன்னால் இருக்குமாறு வைக்க வேண்டும். 1964இல் வந்த ரூகர் 10/22 சுழல் மகசீனைக் கொண்டு ரவைகளைத் தனித்தனியே பிரித்து வைத்து இந்தத் தொல்லையைத் தவிர்த்தது. வெற்றுக் கோது வெளியேறாமல் நின்றால், அதை இழுக்கும் கொக்கியைப் பார்க்க வேண்டும். பாதி நுழைந்து நின்றால், குற்றம் அறையில். பழைய துவக்கானால் இன்னொன்றும் உண்டு: முன்னைய உடைமையாளர் ரவையில்லாமல் விசையை அழுத்திப் பழகியிருந்தால், அடிக்கும் ஊசி அறையின் விளிம்பைக் குத்தி மேடாக்கியிருக்கும். அது துவக்குப் பழுதுபார்ப்பவரின் வேலை.

இரண்டு மகசீன்களுக்கும் 1, 2 என்று இலக்கமிடச் சொன்னேன். இரண்டிலும் சிக்கியது, ஆகவே மகசீன் குற்றவாளியன்று. ரவைகள் பாதி நுழைந்தே நின்றன. அறையைத் தூரிகையிட்டுத் தேய்த்ததும் மெழுகும் ஈயமும் கரியும் கலந்த கறுப்பு வளையம் உதிர்ந்தது. முன்னையவர் துடைக்காமல் எண்ணெயை மட்டும் ஊற்றி வைத்திருந்தார். அதில் ஒட்டிய தூசு போல்ட்டில் சேறாகக் கிடந்தது. துடைத்து, ஒரு துளி எண்ணெய் மட்டும் விட்டான். அதன் பிறகும் அவ்வப்போது சிக்கியது. ஓசை குறையட்டும் என்று அவன் வாங்கியிருந்த வேகம் குறைந்த ரவைகள் போல்ட்டைத் தள்ளப் போதவில்லை. அதிவேக ரவைக்கு மாற்றினான்; நின்றது. புதிய உறுப்பு எதுவும் வாங்கவில்லை, அரமும் எடுக்கவில்லை.

இதை எழுதுவதன் நோக்கம் ஊரில் எல்லோரும் துவக்கு ஏந்த வேண்டும் என்பதன்று. 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் யானை-மனித மோதலில் மாண்டார்கள். வெடிக்காயம் பட்டுப் பல நாள் துடித்துச் சாகும் யானைகள் உண்டு. .22 ரவை முயலுக்கு உரியது. யானைக்கோ பன்றிக்கோ அதை வைப்பது கொடுமை, வைப்பவனுக்கும் ஆபத்து.

நான் சொல்ல விரும்புவது வேறு. போர் எங்களிடமிருந்து துவக்கை மட்டும் பறிக்கவில்லை. அதைத் துடைத்து வைக்கும் ஒழுக்கத்தையும் பறித்தது. துவக்கைப் பூதமாகவோ தெய்வமாகவோ பார்ப்பவனுக்கு அது சிக்கும்போது கோபமும் பதற்றமும்தான் வரும். கருவியாகப் பார்ப்பவன் நிறுத்துவான், இறக்குவான், துடைப்பான், பிறகு யோசிப்பான். புலம்பெயர்ந்த நாடுகளில் பண்ணை வேலைக்காக உரிமம் எடுக்கும் நம் பிள்ளைகளுக்குச் சுடுவதற்கு முன் இதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சென்ற ஞாயிறு மருமகன் மறுபடி அழைத்தான். மேசையில் துவக்கு திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு துணி. “துடைச்சிட்டுத்தான் தேத்தண்ணி, மாமா” என்றான். அப்பாவை அவன் கண்டதே இல்லை.