ஒட்டுப்போட்டது எத்தனை நாளைக்கு?



பழுது பார்த்த எந்தப் பொருளைக் கண்டாலும் நம் ஊர்களில் ஒரு கேள்வி எழும்: "ஒட்டுப்போட்டது எத்தனை நாளைக்கு?" இரும்புச் சாமான் என்றால் பட்டறைக்காரர் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். அலுமினிய எஞ்சின் பாகம் என்றால் அவரே சற்றுத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கேள்வி பாதிக் கேள்விதான் என்பது என் கருத்து. விரிசல் ஏன் விட்டது என்று கேட்காமல், ஒட்டு எத்தனை நாள் நிற்கும் என்று மட்டும் கேட்பது, காய்ச்சலின் காரணத்தைப் பாராமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது.

கீழ்வேளூரை எடுத்துக்கொள்வோம். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே நெல்வயல்கள் சூழ்ந்த ஊர். அங்குள்ள கோயிலில் இறைவனுக்குக் கேடிலியப்பர் என்று பெயர்; கேடு இல்லாதவர் என்பது பொருள். ஊரில் ஓடும் எஞ்சின்களுக்கு அந்த வரம் கிடையாது! தை மாதம், சம்பா அறுவடை நடக்கிறது. கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிச் சென்ற சிறு சரக்கு வண்டி ஒன்று வழியில் ஆவி கக்கி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிப் பார்த்தால் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில், இரண்டு வால்வுகளுக்கு நடுவே, மயிரிழை போல ஒரு விரிசல். புது ஹெட்டுக்குப் பணமும் வேண்டும், அது வந்து சேர நாளும் வேண்டும். களத்தில் நெல் கிடக்கிறது. வானம் மூடிக்கொண்டு வருகிறது. "அண்ணே, எப்படியாவது பத்த வச்சுக் குடுங்க" என்று வண்டிக்காரர் வெல்டர் முன்னால் நிற்கிறார்.

அந்த வெல்டரின் முன் நிற்கும் சிக்கலை இனிப் பார்ப்போம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் காற்றுப் பட்ட கணமே அதன் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய படலம் உருகுவதற்கோ 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் வீட்டு அலுமினியப் பாத்திரம் துருப்பிடித்து உதிராமல் இருப்பது இந்தப் படலத்தின் தயவால்தான். அதே படலம் வெல்டருக்கு எதிரி. உள்ளே உலோகம் உருகிக் கிடக்க, மேலே அது பை போல மூடிக்கொள்ளும். இரண்டு விளிம்புகள் பக்கத்தில் இருந்தும் ஒன்று சேரா.

இன்னொரு தொல்லை, அலுமினியம் முன்னறிவிப்புத் தராது. இரும்பு சிவக்கும், பிறகு மஞ்சளாகும், அதன் பிறகே உருகும். அலுமினியம் நிறம் மாறாமல் இருந்து, திடீரென்று குழைந்து சரியும். ஆகவே அனுபவசாலிகள் அதன் மேல் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடு காட்டுவார்கள். சோப்பு கருகும்போது, முன்சூடு போதும் என்று அறிந்துகொள்வார்கள். வெப்பமானி இல்லாத இடத்தில் இது ஒரு வெப்பமானி! இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

படலத்தை எப்படி உடைப்பது? முன்பு வாயுச் சுடரால் பற்றவைத்தபோது, குளோரைடு, புளோரைடு உப்புகள் கலந்த பொடியைத் தூவி ஆக்சைடைக் கரைத்தார்கள். வேலை முடிந்ததும் பொடியைச் சுத்தமாகக் கழுவாவிட்டால் அதுவே உலோகத்தை அரித்துவிடும். இன்று ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில், டங்ஸ்டன் மின்முனையிலிருந்து மின்வில் எழுப்பிப் பற்றவைக்கிறார்கள். இங்கே மாறுதிசை மின்னோட்டம் எதற்கு என்பதைக் கவனியுங்கள். மின்முனை எதிர்மின் பக்கமாக இருக்கும் அரைச்சுற்றில் வெப்பம் பெரும்பாலும் வேலைப்பொருளுக்குப் போகிறது. மின்முனை நேர்மின் பக்கமாக மாறும் அரைச்சுற்றில், ஆர்கான் அயனிகள் வேலைப்பொருளின் மேல் மோதி ஆக்சைடை உடைக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு வினாடிக்கு 50 தடவை உருக்குதல், 50 தடவை துடைத்தல். மாறுதிசை மின்னோட்டத்துக்கு வீட்டு விளக்கைத் தவிர வேறு உதாரணமே நாம் வகுப்பில் சொல்வதில்லை என்பது எனக்கு வெகுநாளைய வருத்தம்.

துடைத்தாலும் தீராத பிரச்சினை ஹைட்ரஜன். ஹெட்டில் ஊறிய எண்ணெயும், கம்பியில் படிந்த ஈரமும் சூட்டில் சிதைந்து ஹைட்ரஜனைத் தருகின்றன. திட அலுமினியத்தைவிட உருகிய அலுமினியம் ஏறத்தாழ 20 மடங்கு ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும்போது அவ்வளவும் வெளியேற வேண்டும். வெளியேற நேரம் கிடைக்காவிட்டால் ஒட்டு முழுவதும் நுண்துளைகள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் டெல்டாவின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? எனவே நல்ல வெல்டர் அரை நாளைத் தேய்ப்பதிலும் சூடுகாட்டி எண்ணெய் இறக்குவதிலும் செலவிடுவார்; மின்வில் எரிவது சில நிமிடங்கள்தான். "இவ்வளவு நேரம் சும்மா தேய்த்துக்கொண்டிருக்கிறாரே" என்று எரிச்சல் கொள்பவர்கள் இதை அறிய வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்து ஒட்டு நன்றாகவே அமைந்தது என்று வைத்துக்கொள்வோம். வண்டி கிளம்புகிறது. மூன்று மாதத்தில் அதே ஹெட் மறுபடி பட்டறைக்கு வரலாம். ஏன்?

கடற்கரையை ஒட்டிய இந்தப் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கைக்குக் கிடைத்த அடிகுழாய்த் தண்ணீரை ஊற்றுவது வழக்கம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, நீர் ஓடும் வழிகளில் படிவாகிறது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தாப் பொருள் என்றே சொல்லலாம். உப்பிலுள்ள குளோரைடோ பாதுகாப்புப் படலத்தைத் துளைத்து உலோகத்தை அரிக்கிறது. சூடு ஏறிக்கொண்டே போகிறது. ஆவி வந்ததும் பதறிப்போய்க் குளிர்ந்த நீரை ஊற்றுகிறார்கள்.

அப்போது நேர்வதைக் கணக்கிட்டுப் பாருங்கள். அலுமினியத்தின் நீள்விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்கு 0.000023. யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 70,000 நியூட்டன். வெப்பநிலை வேறுபாடு 100 டிகிரி. சுருங்க விரும்பும் பகுதியைச் சுற்றியுள்ள உலோகம் சுருங்கவிடாமல் பிடித்துக்கொண்டால், மூன்றையும் பெருக்க வேண்டியதுதான். ஏறத்தாழ 160 நியூட்டன் வருகிறது. அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரையும் 16 கிலோ எடை பிடித்து இழுப்பது போல. சூட்டில் வலுவிழந்த வார்ப்பு அலுமினியத்துக்கு இது சின்னச் சோதனை அல்ல. வால்வுகளுக்கு நடுவேயுள்ள குறுகிய பாலம்தான் மிகவும் சூடான இடம். அங்கேதான் முதலில் விடும். ஆக, விரிசலைப் பற்றவைத்துவிட்டு அதே அடிகுழாய்த் தண்ணீரை ஊற்றினால் வெல்டரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. படிவை நீக்கி, தெர்மோஸ்டாட்டைச் சோதித்து, உப்பில்லாத நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுவதும் அந்தப் பழுதுபார்ப்பின் பகுதியே.

"ஏன் இத்தனை பாடு? தூக்கி எறிந்து புதிது வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு கிலோ அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரிக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது என்று இதற்கு விடை சொல்வதுண்டு. அது முழு விடையல்ல. எறிந்த ஹெட் பழைய இரும்புக் கடை வழியாக மறுபடி உருக்கப்படும். அதற்கு முன் சொன்னதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். எனவே மின்சாரக் கணக்கைவிட, வண்டிக்காரரின் நாட்கணக்கும் பணக்கணக்குமே எனக்குப் பெரிதாகப் படுகின்றன. 1903 பிப்ரவரியில் ரைட் சகோதரர்களின் விமான எஞ்சின் சோதனையில் பேரிங் இறுகி, அதன் அலுமினிய உடல் உடைந்தது. இன்றைய ஆர்கான் முறை அப்போது ஏது? புது வார்ப்புக்குச் சொல்லிவிட்டு ஏப்ரல் வரை காத்திருந்தார்கள். அறுவடைக் காலத்தில் அப்படிக் காத்திருக்க முடியுமா?

அதற்காக எல்லாவற்றையும் பற்றவைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மூடி, கிராங்க் கேஸ், சிலிண்டர் ஹெட் இவற்றை, விரிசலின் இடம் பார்த்துப் பற்றவைக்கலாம். இணைப்புத் தண்டு, அலுமினியச் சக்கரம், ஸ்டீயரிங், பிரேக் பாகங்கள் ஆகியவற்றைக் கூடாது. வெப்பப் பதமிட்ட அலுமினியம் ஒட்டின் ஓரத்தில் பதம் இழந்து மென்மையாகிவிடும். அங்கே முறிந்தால் போவது உயிர். "இதை நான் தொட மாட்டேன்" என்று வருமானத்தை விட்டுக்கொடுக்கும் வெல்டரைத்தான் நான் சிறந்த வெல்டர் என்பேன்.

படிப்பு ஏறாதவர்கள் போகும் தொழில் இது என்று பெற்றோர் சிலர் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975-இல் தொடங்கப்பட்டது. இந்தத் தொழிலில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் அப்படி ஒரு நிலையம் எதற்கு?

விரிசல் எங்கே முடிகிறது என்று அறிவதே ஒரு நல்ல சோதனை. கூர்மையான முனையில் தகைவு குவிகிறது என்பதை இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1913-இல் கணக்கிட்டுக் காட்டினார். அதனால்தான் பற்றவைக்குமுன் விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிடுகிறார்கள். கூர்முனை வட்டமாகிவிட்டால் விரிசல் மேலே ஓடாது. முனை தெரியாமல் துளையிட்டால் பயனில்லை. ரயில்வே பட்டறைகளில் முற்காலத்தில் இதற்கு எண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் போதுமானவையாக இருந்தன. நீங்களும் செய்து பார்க்கலாம். பழைய இரும்புக் கடையில் விரிசல் விட்ட அலுமினிய மூடி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர் உடனிருக்க, அடுப்போ நெருப்போ அருகில் இல்லாத இடத்தில், மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். துணியால் நன்கு துடைத்துவிட்டு, கரும்பலகைச் சுண்ணக்கட்டியைப் பொடித்து மெல்லத் தூவுங்கள். நுண்புழை ஏற்றத்தால் எண்ணெய் மேலேறி, வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்த விரிசலைவிட நீளமாக இருக்கும். எவ்வளவு நீளம் என்று அளந்து எழுதி வையுங்கள்.