கிணற்று ஜலமும் விறைத்த விரல்களும்

மார்கழி விடியற்காலையில் கிணற்று ஜலம் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது நேயர்கள் அறிந்ததே. இதை நம்பித்தான் எங்கள் ஓசூர்ப் பக்கத்து வாலிபன் ஒருவன் சென்ற தை மாதத்தில் ஏமாந்தான். மோட்டார்க் குழாயின் அடியில் அடைத்திருந்த சகதியை அகற்றுவதற்காக அரைமணி நேரம் கிணற்றில் மூழ்கி மூழ்கி எழுந்தான். வேலை முடிந்து, மேலே ஏறக் கயிற்றைப் பற்றினால் விரல்கள் மடங்க மறுத்துவிட்டன! வேறொருவர் இறங்கி, அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிய பிறகே தூக்க முடிந்தது.

வெதுவெதுப்பு என்பது வெளியிலுள்ள பனிக்காற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. தேகத்தின் 37 டிகிரியோடு ஒப்பிட்டால் அது குளிர்ந்த ஜலமே. காற்றைக் காட்டிலும் ஜலம் சுமார் 25 மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்ளும். உஷ்ணம் குறையத் தொடங்கியதும், இருதயத்தையும் மூளையையும் காப்பதற்காகத் தேகம் கைகால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. வீட்டில் அரிசி குறைந்தால் முதலில் விருந்தை நிறுத்துவதைப் போலத்தான். ஆகையால் கை சூடாக இருக்க வேண்டுமானால் முதலில் மார்பையும் தலையையும் மூட வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. நம்பாதவர்கள் ஒரு கையால் மற்றொரு முன்கையைப் பிடித்துக்கொண்டு முஷ்டியை மூடித் திறந்து பார்க்கலாம். அந்தத் தசைகள் குளிர்ந்தால், உள்ளங்கையை மட்டும் மூடும் உறையினால் என்ன பயன்?

கொரியாவின் ஜேஜூ தீவில் 'ஹேன்யோ' எனப்படும் ஸ்திரீகள் மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி முதலியவற்றை எடுப்பவர்கள். 1970-களின் தொடக்கம் வரையில் பருத்தி உடையோடுதான் குளிர்காலத்திலும் இறங்கினார்கள். நடுங்கும் அளவுக்குக் குளிர்ந்ததும் கரையேறி, கல்சுவர் சூழ்ந்த அடுப்பங்கரையில் குளிர்காய்வார்கள். ரப்பர் உடை வந்த சில வருஷங்களில், அவர்களுடைய தேகம் பழகியிருந்த விசேஷமான குளிர் தாங்கும் சக்தி மறைந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதற்காக உடை வேண்டாம் என்று எந்த ஹேன்யோவும் சொன்னதாகத் தெரியவில்லை!

கையுறை இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, உறை இல்லாததைவிடக் கேடாகும். இறங்குமுன் அதனுள் சிறிது வெந்நீர் வார்ப்பது நல்ல யுக்தி. குளிருக்குச் சாராயம் நல்லது என்பது வெறும் பிரமை: அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ள உஷ்ணத்தையும் வெளியேற்றிவிடும். மரத்துப்போன கையை நெருப்புக்கு அருகில் நீட்டவும் கூடாது. சுடுவது தெரியாமலே வெந்துவிடும்.

நமது வாலிபன் இப்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குகிறான். ரப்பர்க் கையுறை வாங்கப் பெங்களூருக்குப் போவதாகப் போன வாரம் சொன்னான். முழங்கை வரை நீண்டதாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.