சிகிச்சை இலவசம், சம்பளம்?

இந்நாட்டின் அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. மஹரகமவிலும் கண்டியிலும் தெல்லிப்பழையிலும் இதுவே நடைமுறை. நாம் பெருமைப்படத்தக்க விடயம் இது. ஆனால், அச்சிகிச்சையைப் பெறுவதற்கு வேண்டிய நாட்களை நோயாளிக்கு யார் கொடுப்பது? மருந்துக்கு வழிசெய்த அரசு, மருந்து ஏற்றப்படும் நாளின் சம்பளத்தைப் பற்றி இன்னமும் யோசிக்கவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும், சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்குமாகச் சேர்த்து 7 நாள் விடுமுறையும் வழங்குகிறது. மொத்தம் 21 நாட்கள். நோய்க்கெனத் தனியான விடுமுறை அதில் இல்லை. பலருக்குக் கீமோதெரபி மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாக ஆறு தடவைகள் ஏற்றப்படுகிறது. ஏற்றும் நாளோடு வாந்தியும் அசதியுமாக மூன்று நாட்கள் கழிந்தால் அதற்கே 24 நாட்கள் வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சையோ வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் பல வாரங்கள் நீள்வது. சத்திரசிகிச்சையும் கிளினிக்கும் வேறு. தோட்டத் தொழிலாளிக்கும் நாட்கூலிக்காரருக்கும் இந்தக் கணக்கே கிடையாது. வேலைக்குப் போகாத நாளில் அடுப்பு எரிவதே சந்தேகம்.

மனிதாபிமானமுள்ள முதலாளிமார் இல்லாமலில்லை. சம்பளத்தைக் குறைக்காது மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. எனினும், ஒருவருடைய உயிரும் வாழ்வும் இன்னொருவருடைய நல்ல மனதில் தங்கியிருப்பது நீதியாகாது.

இங்கேதான் ஊழியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, ஊழியர்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில், ஓராண்டுக்குள் 180 நாட்கள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்குவதானால், அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அன்றேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். நோய் ஒழுக்கக்கேடு அல்லவே. ஆகவே நோயாளியிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் இராஜினாமாக் கடிதம். “நீங்கள் வீட்டிலிருந்து உடம்பைப் பாருங்கள்” என்ற கனிவான பேச்சோடு அது கேட்கப்படும். கையொப்பமிட்டவுடன் சட்டத்தின் பாதுகாப்பும் கைநழுவிப் போகும். சிகிச்சைக் களைப்பில் இருப்பவர் எந்தக் கடிதத்திலும் அவசரப்பட்டு ஒப்பமிடலாகாது. முதலில் தொழில் திணைக்களத்தையோ தொழிற்சங்கத்தையோ நாடுவதே புத்தி.

2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 30 சதவீதம் வரையில் மருத்துவத் தேவைக்காக முன்கூட்டியே பெற வழியுண்டு. பயனுள்ளதுதான். ஆயினும் அது நோயாளியின் சொந்த முதுமைக்காலச் சேமிப்பு. இன்றைய நோய்க்கு நாளைய சோற்றை விற்பதைச் சமூகப் பாதுகாப்பு எனலாமா?

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், புற்றுநோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே நோயாளியை வேலைத்தலப் பாரபட்சத்திலிருந்து பாதுகாக்கிறது. அவருக்கேற்ப வேலை நேரத்தையும் கடமைகளையும் நியாயமான அளவில் மாற்றிக்கொடுப்பது அங்கு தொழில்தருநரின் கடப்பாடு. அந்தளவு பணவசதி எமக்கில்லை என்பார்கள். ஆனால், நின்று வேலை செய்பவருக்கு ஒரு கதிரை கொடுப்பதற்கும், கிளினிக் நாளில் முறைமாற்றம் செய்வதற்கும் பெரும் பணம் தேவையில்லையே.

சிறு கடை நடத்துபவர் ஆறு மாதச் சம்பளத்தைத் தனியே சுமக்க முடியாது என்பது நியாயமான வாதம். அதனாற்றான் சுமை பகிரப்பட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர்கள் மாதாந்தம் 3 சதவீதம் செலுத்துகிறார்கள். நீண்டகால நோயாளருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியை அந்நிதியத்தினூடாக வழங்கும் திட்டமொன்றை அரசு ஆராயலாம். வைத்தியர்களும் “வேலைக்குத் தகுதியற்றவர்” என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாது, எந்தெந்த நாட்களில் சிகிச்சை, எந்த வேலையைச் செய்யக்கூடும் என்று எழுதிக் கொடுத்தால் தொழில்தருநருக்கும் திட்டமிட வசதியாயிருக்கும்.

வேலை என்பது வருமானம் மாத்திரமன்று. தான் இன்னமும் வேண்டப்படுபவர் என்ற நம்பிக்கையும் அதில் உண்டு. நோயிலிருந்து மீண்டு வருபவருக்கு அவருடைய நாற்காலி காத்திருக்க வேண்டும். அதனைத் தொழில்தருநரின் கருணைக்கு விட்டுவிடாது, சட்டமாக்குவது பாராளுமன்றத்தின் பொறுப்பு.