தோற்றது அணி; பதில் சொல்வது யார்?

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கிடங்குகள் திறக்கப்படுவதற்கு முன்பே தேநீர்க் கடைகள் திறந்துவிடும். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எனப் பல மொழிகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒலிக்கும் ஊர் அது. மொழி எதுவானாலும், இந்திய கிரிக்கெட் அணி வெளிநாட்டில் தோற்கும்போது அங்கு விவாதம் ஒன்றாகத்தான் இருக்கும்.

2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியில் இந்திய அணி 6 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஐந்து டெஸ்ட்டுகள் கொண்ட தொடரை ஆஸ்திரேலியா 3-1 என்ற கணக்கில் கைப்பற்றியது. 2017 முதல் இந்தியாவிடம் இருந்த பார்டர்-கவாஸ்கர் கோப்பை கைநழுவியது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்துக்கான வாய்ப்பும் போயிற்று.

அன்று மட்டாஞ்சேரி முதல் மயிலாப்பூர் வரை ரசிகர்கள் அடுக்கிய காரணங்களைப் பட்டியலிடுவது கடினமல்ல. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே செல்லும் பந்தைத் துரத்தும் விராட் கோலியின் பழக்கம் என்றனர் ஒரு சாரார். 9 இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தது 190 ரன்கள், அதில் 100 ரன்கள் பெர்த்தில் ஒரே இன்னிங்ஸில் வந்தவை. 5 இன்னிங்ஸ்களில் 31 ரன்கள் மட்டுமே எடுத்து, கடைசி டெஸ்ட்டில் தாமாகவே ஒதுங்கிக்கொண்ட அணித் தலைவர் ரோகித் சர்மா என்றனர் இன்னொரு சாரார். 32 விக்கெட்டுகளை வீழ்த்திய ஜஸ்பிரீத் பும்ராவின் முதுகின் மீது ஒட்டுமொத்த அணியின் சுமையையும் ஏற்றியது யார் என்று கேட்டனர் மற்றும் சிலர். சிட்னியின் இரண்டாவது இன்னிங்ஸில் அந்த முதுகு ஒத்துழைக்கவில்லை. அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. எல்லாவற்றுக்கும் ஐபிஎல் பணமே காரணம் என்று முடித்துவைக்கும் மூத்தவர் ஒருவரும் எல்லாத் தேநீர்க் கடைகளிலும் இருந்தார்.

இவை அனைத்தும் நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கு விடையளிக்க வேண்டிய கடமை இந்த நாட்டில் யாருக்கு இருக்கிறது? சட்டப்படி யாருக்கும் இல்லை என்பதுதான் உண்மை.

எர்ணாகுளம் மாவட்டத்து ரசிகர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 2011-ஆம் ஆண்டை அவர்கள் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு ஏப்ரல் 2-இல் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. ஆறாவது நாளே ஐபிஎல் தொடங்கியது. கொச்சி டஸ்கர்ஸ் கேரளா என்ற பெயரில் அந்த மண்ணுக்கும் ஓர் அணி கிடைத்தது; இதே மாவட்டத்தின் கோதமங்கலத்தைச் சேர்ந்த ஸ்ரீசாந்த் அதில் ஆடினார். மே மாத இறுதி வரை ஐபிஎல், அதன் பின்னர் மேற்கிந்தியத் தீவுகள், அதைத் தொடர்ந்து ஜூலையில் இங்கிலாந்து என இந்திய வீரர்கள் ஓய்வின்றி ஓடினர்.

டெஸ்ட் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி, முதல் டெஸ்ட்டுக்கு முன் டான்டனில் ஒரேயொரு மூன்று நாள் பயிற்சி ஆட்டத்தை மட்டுமே ஆடியது. லார்ட்ஸில் முதல் நாளிலேயே ஜாகீர் கான் காயமடைந்து வெளியேறினார். தோள்பட்டை அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்ட சேவாக், மூன்றாவது டெஸ்ட்டில்தான் களமிறங்கி இரண்டு இன்னிங்ஸிலும் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். லார்ட்ஸில் 196 ரன்கள், டிரென்ட் பிரிட்ஜில் 319 ரன்கள், எட்ஜ்பாஸ்டனில் இன்னிங்ஸ் மற்றும் 242 ரன்கள், ஓவலில் இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்கள் என நான்கு டெஸ்ட்டிலும் தோல்வி. ராகுல் திராவிட் தனி மனிதராக அடித்த மூன்று சதங்களே ஆறுதல். மூன்று டெஸ்ட்டுகளில் பந்துவீசிய ஸ்ரீசாந்துக்கு ஓவல் டெஸ்ட்டே கடைசி டெஸ்ட்டாக அமைந்தது.

ரசிகர்கள் மீதும் குறை இல்லாமல் இல்லை. நாட்டின் அணி இன்னிங்ஸ் தோல்விகளைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது, சச்சின் டெண்டுல்கர் நூறாவது சர்வதேச சதத்தை அடிப்பாரா என்பதுதான் பலரின் கவலையாக இருந்தது. ஓவலில் அவர் 91 ரன்களில் ஆட்டமிழந்தபோது எழுந்த பெருமூச்சில் பாதிகூடத் தொடரை 4-0 என்று இழந்ததற்காக எழவில்லை.

அதே வாரம் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய கோடையில் சொந்த மண்ணில் ஆஷஸ் தொடரை இங்கிலாந்திடம் இழந்திருந்தது ஆஸ்திரேலியா. தொழிலதிபர் டான் ஆர்கஸ் தலைமையில், ஆலன் பார்டர், மார்க் டெய்லர், ஸ்டீவ் வாஹ் ஆகிய முன்னாள் தலைவர்கள் இடம்பெற்ற குழு தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 2011 ஆகஸ்ட் 19-இல் வெளியிடப்பட்டன. தேர்வு முறை, பயிற்சி, நிர்வாகம் என எதையும் அந்தக் குழு விட்டுவைக்கவில்லை. ஓவலில் இந்தியா நான்காவது டெஸ்ட்டை ஆடிக்கொண்டிருந்த நாள் அது. இந்தியாவின் தோல்வி குறித்து அப்படியோர் அறிக்கை இந்திய ரசிகனின் கைக்கு வரவே இல்லை.

தில்லியில் அப்போது நடந்தது வேறு. இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் உள்ளிட்ட விளையாட்டு அமைப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் மசோதாவை விளையாட்டுத் துறை அமைச்சர் அஜய் மாக்கன் மத்திய அமைச்சரவையின் முன் வைத்தார். ஓவல் தோல்விக்கு எட்டு நாள்களுக்குப் பிறகு, ஆகஸ்ட் 30-இல், அமைச்சரவை அதைத் திருப்பி அனுப்பியது. அந்த அமைச்சரவையில் இருந்த சரத் பவார் அப்போது சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் தலைவர். ஃபரூக் அப்துல்லா, சி.பி. ஜோஷி, விலாஸ்ராவ் தேஷ்முக் ஆகியோர் மாநில கிரிக்கெட் சங்கங்களின் தலைவர்கள். எதிர்வரிசையும் இதற்கு விலக்கல்ல. மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லி தில்லி கிரிக்கெட் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்களில் பலர், பதில் சொல்ல வேண்டிய இடத்திலும் அமர்ந்திருந்தனர்.

வாரியத்தின் வாதம் எளிமையானது. அது அரசிடம் பணம் பெறுவதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு தனியார் சங்கம். எனவே அதன் உள்விவகாரம் பிறருக்குத் தேவையில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றமும், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், வாரியம் அரசமைப்புச் சட்டம் கூறும் 'அரசு' என்ற வரையறைக்குள் வராது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் அதே உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில், வாரியம் ஆற்றுவது பொதுப்பணி என்றும், எனவே உயர் நீதிமன்றங்களின் ரிட் அதிகாரத்துக்கு அது உட்பட்டது என்றும் தெளிவாக்கியது. நாட்டின் பெயரில் அணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் உரிமையை ஏகபோகமாக வைத்திருக்கும் அமைப்பு எப்படித் தனியார் மன்றமாக இருக்க முடியும்? சங்கத்தின் பதிவுச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டா மட்டாஞ்சேரி ரசிகன் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறான்? 'இந்தியா' என்ற பெயருக்காக அல்லவா எழுந்திருக்கிறான்!

2018-இல் சட்ட ஆணையம், வாரியத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு மத்திய தகவல் ஆணையமும் அவ்வாறே உத்தரவிட்டது. வாரியம் நீதிமன்றம் சென்றது.

பின்னர் 2025 ஜூலை 23-இல் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா மக்களவையில் அறிமுகமானது. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இடம்பெறுவதால், வாரியமும் அதன் வரம்புக்குள் வரும் என்று கூறப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு அமைப்புகள் அனைத்தும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்படும் என்றது மசோதாவின் மூல வடிவம். ஆகஸ்ட் 11-இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியபோது அந்த வாசகம் மாறியிருந்தது. அரசின் நிதியுதவி பெறும் அமைப்புகளுக்கு மட்டும், அதுவும் அந்த நிதியைச் செலவிட்ட விதம் குறித்து மட்டும் என்று அது சுருங்கியது. அரசிடம் பணம் பெறாத வாரியம் தப்பித்துக்கொண்டது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடர்பான எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே மக்களவை இதை நிறைவேற்றியது.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஆகஸ்ட் 4-இல், அதே ஓவல் மைதானத்தில் இந்திய அணி 6 ரன்கள் வித்தியாசத்தில் வென்று தொடரை 2-2 எனச் சமன் செய்திருந்தது. நாடு கொண்டாட்டத்தில் இருந்தது. 2011-இல் ஓவலில் தோற்றபோதும் கதவு மூடப்பட்டது. 2025-இல் ஓவலில் வென்றபோதும் கதவு மூடப்பட்டது. அணி தோற்கும்போது ரசிகன் வீரர்களைத் திட்டுகிறான். வெல்லும்போது அனைத்தையும் மறந்துவிடுகிறான். வாரியத்துக்கு இரண்டுமே வசதி.

கதவு மூடியிருப்பதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். சிட்னி தோல்விக்குப் பின் நடந்ததே விடை. வீரர்கள் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடுவது கட்டாயம், சுற்றுப்பயணத்தில் குடும்பத்தினர் தங்குவதற்குக் கட்டுப்பாடு என்பன போன்ற பத்து விதிகளை வாரியம் வகுத்ததாக ஊடகங்களில் செய்தி வந்தது. ஜனவரி 18-இல் செய்தியாளர்கள் அதுபற்றிக் கேட்டபோது, இதை வாரியம் அதிகாரபூர்வமாக அறிவித்ததா என்று அணித் தலைவரே திருப்பிக் கேட்டார். தோல்விக்கான மருந்து ரகசியமாகத் தயாராகிறது; நோய் என்னவென்று கண்டறிந்தார்களா என்பதும் ரகசியம்!

அந்த மாத இறுதியில் கோலி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ரஞ்சி கோப்பையில் தில்லி அணிக்காகக் களமிறங்கினார். அருண் ஜேட்லி மைதானத்தின் வாயில்களில் அதிகாலையிலிருந்தே கூட்டம் முண்டியடித்தது. அவர் 6 ரன்களில் ஆட்டமிழந்ததும் கூட்டம் கலையத் தொடங்கியது. ரஞ்சி ஆட்டம் அங்கேயே இருந்தது; அதைப் பார்க்கத்தான் ஆளில்லை. அந்த ஆண்டு மே மாதம் ரோகித், கோலி இருவரும் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றனர்.

நட்சத்திரங்கள் இல்லாமலே கேரள அணி அதே பருவத்தில் எழுதிய கதை இன்னும் பெரியது. அகமதாபாத் அரையிறுதியில் குஜராத்தின் 455 ரன்களுக்கு எதிராக 457 ரன்கள் எடுத்து, வெறும் இரண்டு ரன் முன்னிலையால், தன் வரலாற்றில் முதல்முறையாக ரஞ்சி இறுதி ஆட்டத்தை எட்டியது. நாகபுரியில் விதர்பாவிடம் முதல் இன்னிங்ஸில் பின்தங்கிக் கோப்பையை இழந்தாலும், ஐந்து நாள் ஆட்டத்துக்குத் தேவையான பொறுமை எங்கே விளைகிறது என்பதை அது காட்டியது. அந்த விளைநிலத்துக்கு வாரியம் எவ்வளவு செலவிடுகிறது, அதில் ரன் குவிப்பவர்கள் ஏன் தேர்வாவதில்லை என்பன கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

அதற்காக, அணியை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதல்ல. அந்த ஆபத்துக்கு அண்டை நாடே சாட்சி. 2023 உலகக் கோப்பையில் மும்பையில் இந்தியாவிடம் 55 ரன்களில் சுருண்டது இலங்கை. அதன் கிரிக்கெட் நிர்வாகத்தை அகற்றக் கோரி இலங்கை நாடாளுமன்றம் நவம்பர் 9-இல் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாளே, அரசின் தலையீட்டைக் காரணம் காட்டி, இலங்கையின் உறுப்பினர் தகுதியை சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் நிறுத்திவைத்தது. அது விலக இரண்டு மாதங்களுக்கு மேலானது. கோபம் ஆட்சி செய்தால் விளையாட்டுதான் பலியாகும்.

ஆனால் தலையீடு வேறு, தகவல் வேறு. யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பதை வாரியமே முடிவு செய்யட்டும். ஒவ்வொரு பெரிய சுற்றுப்பயணத்துக்குப் பிறகும் ஆய்வறிக்கை ஒன்றை வெளியிடட்டும். வீரர்களின் மருத்துவ விவரங்களை அதில் தவிர்க்கலாம். பயிற்சி ஆட்டங்கள் போதுமானவையா, பந்துவீச்சாளர்களின் சுமையைக் கணக்கிட்டது யார், ஐபிஎல்லுக்கும் டெஸ்ட் தொடருக்கும் இடையே எத்தனை நாள் இடைவெளி என்பதைச் சொல்லட்டும். வாரியம் தானாகச் சொல்லாது என்றால், 2025 ஜூலையில் மசோதாவில் இருந்து ஆகஸ்டில் காணாமல்போன வாசகத்தை நாடாளுமன்றம் மீண்டும் சேர்க்க வேண்டும். எல்லாக் கட்சிகளிலும் கிரிக்கெட் நிர்வாகிகள் இருந்திருக்கிறார்கள். எனவே இந்தப் பொறுப்பும் எல்லாக் கட்சிகளுக்கும் உண்டு.

விளையாட்டில் தோல்வி குற்றமல்ல. உலகின் எந்த அணியும் தோற்கும். ஏன் தோற்றோம் என்று கேட்பவனை வாசலிலேயே நிறுத்திவைப்பதுதான் குற்றம். மட்டாஞ்சேரியின் தேநீர்க் கடையில் அடுத்த சுற்றுப்பயணத்தின்போதும் விவாதம் நடக்கும். அதில் ஊகத்துக்குப் பதிலாக உண்மையை வைத்துப் பேசும் வாய்ப்பையாவது அந்த ரசிகனுக்குத் தர வேண்டும். விடியற்காலையில் எழுந்து உட்காரும் அவனுக்கு இந்த நாடு பட்டிருக்கும் குறைந்தபட்சக் கடன் அது.